மழைக்குள் குடும்ப முகாம்: பேரப்பிள்ளைகளோடு ஒன்ராறியோ பூங்காக்களுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரொறொன்ரோவிலும் அதைச் சுற்றியும் இருக்கும் எங்கள் குடும்பங்கள் கோடை விடுமுறையில் மாகாணப் பூங்காக்களில் கூடாரம் அடித்து ஒன்றுகூடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்பம்மா, அம்மப்பா, பெரியப்பா வீடு, சித்தி வீடு, பேரப்பிள்ளைகள் என்று 20 பேர் சேருவார்கள். எப்படியும் ஒரு நாளாவது மழை பெய்யும். அந்த நாளை முன்கூட்டியே கணக்கில் எடுத்துப் போகிறவர்களுக்கானது இது. 20 பேர், இரண்டு மூன்று இரவுகள் என்று வைத்துக்கொண்டு அளவுகள் தரப்பட்டுள்ளன.

வானிலை அறிக்கையில் மழை என்று இருக்கிறது. போவதா, விடுவதா?

மழை மட்டும் என்றால் போகலாம். நிறுத்த வேண்டியது காற்றுக்கும் இடிக்கும். இரண்டு நாளில் 20 மில்லிமீற்றர் தூறிக்கொண்டே இருந்தாலும் ஒழுங்கான கூரை இருந்தால் சமாளிக்கலாம். கடும் இடிமழை எச்சரிக்கையோ மணிக்கு 60, 70 கிலோமீற்றர் வேகக் காற்று வரும் என்ற அறிவிப்போ இருந்தால் வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மரங்களுக்குக் கீழே படுக்கப் போகாதீர்கள். 2022 மே 21 அன்று, விக்ரோறியா நாள் நீள்வார இறுதியில், தெற்கு ஒன்ராறியோவைக் குறுக்கே அடித்த புயற்காற்றில் உயிரிழந்தவர்களில் பலர் மரம் விழுந்தே இறந்தார்கள். அது இரவில்கூட வரவில்லை, பட்டப்பகலில் வந்தது.

கனடா சுற்றுச்சூழல் திணைக்களத்தின் வானிலைச் செயலியில் உங்கள் ஊரை அல்ல, பூங்காவுக்குக் கிட்ட உள்ள ஊரைப் பதிந்து வையுங்கள். ஸ்காபரோவில் வெயில் எறிக்கும்போதே சிம்கோ ஏரிக்கரையில் இடி முழங்கும்.

எப்போது, எப்படிப் பதிவு செய்வது?

ஒன்ராறியோ பூங்காக்களில் நீங்கள் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக 5 மாதம் முன்பு, காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். ஓகஸ்ட் 1 போக வேண்டுமென்றால் மார்ச் 1 காலை 7 மணி. ஒரு முகாமிடத்துக்குப் பொதுவாக 6 பேர், அனுமதியில் ஒரு வாகனம் அடங்கும், மேலதிக வாகனத்துக்குத் தனிக் கட்டணம். ஆகவே 20 பேருக்கு அடுத்தடுத்து நாலு இடம் வேண்டும். நாலு வீட்டிலும் நாலு பேர், ஆளுக்கொரு இட எண்ணை முன்பே பிரித்துக்கொண்டு, 7 மணிக்கு முன்பே உள்நுழைந்து காத்திருக்க வேண்டும். ஒருவரே நாலையும் எடுக்கப் போனால் இரண்டாவதற்கு வருமுன் மற்றவை போய்விடும்.

குழுக்களுக்கென்று ஒதுக்கிய பெரிய முகாமிடங்களும் பல பூங்காக்களில் உண்டு. எல்லோரும் ஒரே வெளியில் இருக்கலாம் என்பது அதில் பெரிய வசதி. ஆனால் கழிவறை எவ்வளவு தூரம், மின்சாரம் உண்டா என்பதைப் பார்த்துவிட்டு எடுங்கள். சில பூங்காக்களில் வட்டக் கூடார வீடுகளும் சிறு மரக்குடில்களும் வாடகைக்கு உண்டு. மழைக்காகவே ஒன்றை எடுத்து, தாத்தா பாட்டியையும் கைக்குழந்தைக்காரரையும் அதில் விடுவது நல்ல யோசனை.

முதல் தடவைக்கு எந்தப் பூங்கா?

வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இருப்பது. அல்கோன்குவின் அழகுதான், ஆனால் மூன்று மணித்தியால ஓட்டம், பல இடங்களில் தொலைபேசி எடுக்காது. சிபால்ட் பொயின்ற், டார்லிங்டன் போன்றவை கிட்ட. இரவு 11 மணிக்கு அப்பம்மாவுக்கு நடுக்கம் வந்தால் ஒரு காரில் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்ற நினைப்பே எல்லோரையும் நிம்மதியாக வைத்திருக்கும்.

முகாமிடத்தில் கூடாரத்தை எங்கே அடிப்பது?

முதலில் மேலே பாருங்கள். காய்ந்த மரம், முறிந்து தொங்கும் கொப்பு எதற்கும் கீழே வேண்டாம். பிறகு கீழே பாருங்கள். பலரும் படுத்துப் பழகிய இடம் நடுவில் கிண்ணம் போலத் தாழ்ந்து இறுகிப்போய் இருக்கும். வெயிலில் அதுதான் மெத்தை போலத் தெரியும், மழையில் அதுதான் குளம். ஊசியிலைகளும் குப்பையும் வரிவரியாக ஒதுங்கிக் கிடந்தால் அது தண்ணீர் ஓடிய தடம். சற்று மேடான, சரளைக்கல் கலந்த நிலம் நல்லது. இலேசான சரிவு பரவாயில்லை, தலை மேற்பக்கம் இருந்தால் சரி.

புதுக் கூடாரம், ஆனாலும் உள்ளே தண்ணீர். ஏன்?

பெரும்பாலும் மேலே இருந்து அல்ல, கீழே இருந்து வருகிறது. கூடாரத்துக்குக் கீழே விரிக்கும் தறப்பாள் கூடாரத் தரையைவிடப் பெரிதாக இருந்து, ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கூரையில் வழியும் மழை முழுவதும் அந்த ஓரத்தில் விழுந்து, இரண்டுக்கும் நடுவே ஓடி, நீங்கள் படுக்கும் இடத்துக்கு நேர் கீழே தேங்கும். உடம்புப் பாரம் அழுத்த அழுத்த அது தரைத்துணியூடாகக் கசியும். கீழ்த் தறப்பாளின் நாலு பக்கமும் கூடார ஓரத்தைவிட 5 முதல் 10 சென்ரிமீற்றர் உள்ளே இருக்கும்படி மடித்துவிடுங்கள். மடிப்பு அடிப்பக்கமாக இருக்க வேண்டும், மேற்பக்கமாக மடித்தால் அதுவே தொட்டியாகிவிடும்.

இரண்டாவது காரணம் மேற்கூரைத் துணி உள்துணியில் ஒட்டுவது. நைலோன் நனைந்தால் நீளும், தளரும். மாலையில் விறைப்பாகக் கட்டியது இரவு 10 மணிக்குத் தொங்கிப்போய் உட்பக்கத்தைத் தொடும். தொட்ட இடத்தில் ஈரம் உள்ளே ஊறும். படுக்கப் போகுமுன் ஒருவர் டோர்ச் லைட்டோடு சுற்றிவந்து எல்லாக் கயிற்றையும் இன்னொரு தடவை இழுத்துவிட வேண்டும். முளைகளை, தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அறையுங்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை ஈர மணலில் நிற்காது, 25 சென்ரிமீற்றர் நீள முளைகள் இருபதாவது வாங்கி வையுங்கள்.

மூன்றாவது காரணம் மழையே அல்ல, மூச்சு. மழை என்று எல்லாச் சாளரத்தையும் இறுக்கப் பூட்டினால் நாலு பேர் இரவு முழுவதும் விடும் மூச்சு குளிர்ந்த துணியில் படிந்து விடியற்காலையில் சொட்டும். மேற்கூரைக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரங்களைத் திறந்தே விடுங்கள். நனைந்த உடுப்பையும் சப்பாத்தையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

தையல்களையும் ஒரு தடவை பாருங்கள். உட்பக்கத் தையலில் ஒட்டியிருக்கும் பட்டி உரிந்திருந்தால் தையல் அடைக்கும் பசை பூசி ஒரு நாள் காயவிட வேண்டும். இதைப் புறப்படும் அன்று செய்ய முடியாது. ஒரு கிழமைக்கு முன்பு கூடாரத்தை வீட்டுக் கொல்லையில் அடித்து, தோட்டக் குழாயால் 15 நிமிடம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகளிடம் குழாயைக் கொடுத்தால் ஒரு மூலை விடாமல் அடிப்பார்கள்.

ஆட்கணக்கையும் நம்பாதீர்கள். “6 பேர்” என்று பெட்டியில் போட்ட கூடாரத்தில் 4 பேர்தான் சுவரில் முட்டாமல் படுக்கலாம். ஈரச் சுவரில் முட்டிய போர்வை நனையும்.

ஊரில் செய்வதுபோலக் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டலாமா?

கூடாது. பூங்காக்களில் நிலத்தை வெட்டத் தடை உண்டு. மர வேர் அறுபடும், அடுத்த மழைக்கு மண் அரித்துப் போகும். மேடான இடத்தில் அடித்தால் வாய்க்காலே தேவையில்லை.

எல்லோரும் சேர்ந்து இருக்க எவ்வளவு பெரிய தறப்பாள் வேண்டும்?

கையில் இருக்கும் காசைக் கூடாரத்தில் குறைத்து இதில் போடுங்கள். கூடாரம் தூங்குவதற்கு மட்டும். மழை நாளில் ஒன்றுகூடல் நடப்பது இந்தக் கூரைக்குக் கீழேதான். இது இல்லாவிட்டால் நாலு குடும்பமும் நாலு கூடாரத்துக்குள் போய்ப் படுத்துவிடும், பிறகு எதற்கு ஒன்றுகூடல்?

20 பேருக்கு 16 அடிக்கு 20 அடி. கணக்குப் பார்த்தால் 320 சதுர அடி. சாரல் அடித்து ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு அடி போய்விடும் என்று கழித்தால் 12 அடிக்கு 16 அடி, அதாவது 192 சதுர அடி மிஞ்சும். ஆளுக்குப் பத்துச் சதுர அடி வரை கிடைக்கும், ஒரு கதிரை போட்டுக் காலை நீட்டப் போதும். சமையலுக்கு இதற்குப் பக்கத்தில் 10 அடிக்கு 12 அடித் தறப்பாள் ஒன்று தனியாகக் கட்டுங்கள்.

கட்டும் முறை: இரண்டு மரங்களுக்கு நடுவே 8 அடி உயரத்தில் ஒரு கயிறு விறைப்பாக. 8 மில்லிமீற்றர் தடிப்புக் கயிறு, 15 மீற்றராவது வேண்டும். அதன்மேல் தறப்பாளைக் கூரை முகடு போல நீளவாக்கில் போட்டு, இரண்டு பக்க ஓரங்களையும் 5 அடி உயரத்தில் வெளியே இழுத்துக் கட்டுங்கள். மூலைகளோடு மட்டும் நிற்காமல் ஓரத்தின் நடுவிலும் கட்ட வேண்டும். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம், சுற்றிக் கட்டுவது போதும்.

தட்டையாகக் கட்டுவதுதான் எல்லோரும் விடும் பிழை. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 16 க்கு 20 அடித் தறப்பாள் ஏறக்குறைய 30 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழைக்கு அதில் 300 லீற்றர், அதாவது 300 கிலோ விழுகிறது. அதில் கால்வாசி நடுவில் தேங்கினாலே ஓரத்தில் கயிறு கோக்கும் கண்ணி பிய்ந்து, முழுவதும் கீழே இருப்பவர்கள் தலையில் கொட்டும். சரிவாகக் கட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மூலையை மட்டும் ஓரடி பதித்துவிட்டால் தண்ணீர் அந்த மூலைகளில் விழும். அங்கே ஒரு வாளி வையுங்கள், கைகால் கழுவ உதவும்.

கண்ணி பிய்ந்துவிட்டால் பதறத் தேவையில்லை. கோலிக்குண்டு அளவில் உருண்டையான கூழாங்கல் ஒன்றைத் தறப்பாளின் அடிப்பக்கம் வைத்து, துணியோடு சேர்த்துப் பிடித்து, கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு இழுங்கள். முதலில் இருந்த கண்ணியைவிட உறுதியாக நிற்கும். முகட்டுக் கயிறு வழியே தண்ணீர் ஓடிவந்து உள்ளே சொட்டினால், தறப்பாள் ஓரத்துக்குச் சற்று வெளியே அந்தக் கயிற்றில் ஒரு சாண் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் நூலைப் பிடித்து வெளியே இறங்கிவிடும்.

கடையில் வாங்கும் மடக்குப் பந்தல்கள் நல்லவைதான், ஆனால் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடு இடுக்கு வழியே ஊற்றும். காற்றுக்குத் தூக்கிக்கொண்டும் போகும். காலுக்குக் கால் முளை அறைந்து கட்டாமல் அவற்றை விடாதீர்கள்.

தாத்தா பாட்டிக்குப் படுக்கை எப்படி?

நிலத்தில் வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர் ஈரமான கூடாரத்துக்குள் நிலத்திலிருந்து எழும்புவது மிகக் கஷ்டம், விழுவதும் அப்போதுதான். கதிரை உயரத்துக்கு, அதாவது 40, 45 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வரும் மடக்குக் கட்டில் எடுங்கள். நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரமான கூடாரம் அவர்களுக்கு. கழிவறைக் கட்டடத்துக்குக் கிட்ட உள்ள இடமும் அவர்களுக்கு. மூச்சுக்கருவி போட்டுத் தூங்குகிறவர் இருந்தால் மின்சார வசதியுள்ள இடமாகப் பதிவு செய்யுங்கள்.

கட்டிலுக்குக் கீழே காற்று ஓடும், ஆகவே மேலே போர்த்துவது மட்டும் போதாது, முதுகுக்குக் கீழே ஒரு நுரைப்பாய் வேண்டும். காற்றடித்த மெத்தையும் அப்படித்தான். உள்ளே இருக்கும் காற்று நிலத்துக் குளிரை அப்படியே உடம்புக்கு ஏற்றும். வடக்கே உள்ள பூங்காக்களில் ஜூலை இரவுகூட 10 பாகைக்குக் கீழே இறங்குவது உண்டு. சோட்டியும் சாறமும் போட்டுப் படுக்கலாம், ஆனால் அடியில் நீளமான உள்ளுடுப்பு, காலுக்குக் கம்பளிக் காலுறை, தலைக்குத் தொப்பி. சுடுநீரை இறுக்க மூடும் போத்தலில் ஊற்றி, துவாயில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் விடிய மட்டும் சூடு தாங்கும்.

இரவில் கழிவறைக்குப் போகும் வழியை வெளிச்சத்திலேயே ஒரு தடவை நடத்திக் காட்டுங்கள். ஈரமான வேரும் கூடாரக் கயிறும்தான் ஆட்களை விழுத்துவது. கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டுங்கள். நடக்கவே சிரமம் உள்ளவருக்குக் கூடாரத்துக்குள் வைக்கும் சிறு கழிவறை வாளி எடுத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடும் அம்மம்மாக்கள் நிறையப் பேர், அதுதான் ஆபத்து.

இன்சுலின், மாத்திரைகளை எப்படிக் காப்பது?

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகையில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் நேரே ஐஸ்மேல் வைத்தால் உறைந்து கெட்டுவிடும், உறைந்ததை உருக்கிப் பாவிக்கக் கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் துவாய் சுற்றி மேற்தட்டில் வையுங்கள். பாவனையில் உள்ள பேனாவைப் பையிலேயே வைக்கலாம், ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் வேண்டாம். மாத்திரைகளை இரண்டு நாளுக்கு மேலதிகமாக, சிப்லொக் பையில். எல்லோருடைய மருந்துப் பெயர்களும் ஒரே தாளில் எழுதி இரண்டு பேரிடம் இருக்கட்டும். அதே தாளில் பூங்காவின் பெயர், உங்கள் இட எண், கிட்டிய மருத்துவமனை. 911 எடுத்தால் முதலில் கேட்பது எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான்.

பிள்ளைகளுக்கு எத்தனை உடுப்பு?

நாளொன்றுக்கு இரண்டு சோடி, இரவுக்கு ஒன்று. ஒரு நாளைக்கு உரிய முழு உடுப்பையும் உள்ளாடை, காலுறை உட்பட ஒரு சிப்லொக் பையில் போட்டுப் பெயரும் நாளும் எழுதுங்கள். இரவு உடுப்பு மட்டும் தூங்கும் பையோடு கூடாரத்திலேயே இருக்கட்டும், பகலில் யாரும் தொடக் கூடாது. எல்லாம் நனைந்தாலும் அந்த ஒரு சோடி காய்ந்திருக்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது. சின்னவர்களுக்கு மழை மேலுடுப்பும் றப்பர் பூட்ஸும் இருந்தால் சேற்றில் விளையாட விடலாம். உதடு நீலம் பாய்ந்தால், பேச்சுக் குழறினால், நடுங்கிக் களைத்துச் சோர்ந்தால் உடனே ஈர உடுப்பைக் கழற்றி, துடைத்து, காருக்குள் ஹீற்றர் போட்டு இருத்துங்கள்.

இடி முழங்கினால் கூடாரத்துக்குள் இருக்கலாமா?

கூடாது. கூடாரமும் தறப்பாளும் மின்னலுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. பக்கச்சுவர் இல்லாத பூங்கா மண்டபமும் அப்படித்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் தூரம் என்று கணக்கு, ஆனால் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. இடி காதில் கேட்டால் நீங்கள் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். தகரக் கூரையுள்ள கார், அல்லது மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் உள்ள முழுக் கட்டடம், இரண்டில் ஒன்றுக்குப் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வெளியே வரக் கூடாது. அந்த நேரத்தில் குளிக்கவும் வேண்டாம்.

20 பேருக்கு 20 இருக்கை நிறுத்தி வைத்த கார்களில் உண்டா என்று முதல் நாளே எண்ணுங்கள். யார் எந்தக் கார், கைக்குழந்தையை யார் தூக்குவது, அப்பப்பாவின் கையை யார் பிடிப்பது என்று பேசி வையுங்கள். சாமான் ஏற்றிப் பின் இருக்கை நிரம்பிய கார் கணக்கில் சேராது.

மழைக்குள் காஸ் அடுப்பு எரியவில்லை. என்ன பிழை?

நீள டப்பாவில் வரும் பியூட்டேன் காஸாக இருக்கும். அது பூச்சியப் பாகைக்குக் கிட்ட வரும்போது ஆவியாகவே மாட்டாது. 8, 10 பாகைக் காலையில் அழுத்தம் குறைந்து சுவாலை சோம்பும். புரோபேன் அடுப்பு எடுங்கள், அது மைனஸ் 40 பாகை வரை ஆவியாகும். ஒரு இறாத்தல் புரோபேன் போத்தல், 20,000 பி.ரி.யு. (வெப்ப அளவு) இரட்டை அடுப்பை முழுதாக எரித்தால் ஒரு மணித்தியாலம்தான் வரும். 20 பேருக்குச் சமைக்க அது கட்டாது. 20 இறாத்தல் சிலிண்டரும் அதற்குரிய குழாயும் எடுத்தால் அதே அடுப்பு 20 மணித்தியாலம் எரியும்.

எவ்வளவு மழை என்றாலும் கூடாரத்துக்குள் அடுப்பையோ கரி அடுப்பையோ கொண்டுபோகாதீர்கள், தேத்தண்ணிக்குக்கூட வேண்டாம், குளிருக்குச் சூடு காட்டவும் வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூங்குகிறவர் எழும்ப மாட்டார். உயரமாகக் கட்டிய, எல்லாப் பக்கமும் திறந்த சமையல் தறப்பாளுக்குக் கீழே வைக்கலாம்.

என்ன சமைப்பது?

முதல் இரவு எதுவும் சமைக்காதீர்கள். மழைக்குள் கூடாரம் அடித்துக் களைத்தவர்கள் வெங்காயம் உரிக்கக் கூடாது. வீட்டிலேயே இறைச்சிக் கறி வைத்து, தட்டையாகச் சிப்லொக் பைகளில் உறையவைத்துக் கொண்டுபோங்கள். வழியில் அதுவே ஐஸ் கட்டியாக உதவும். போனதும் சூடாக்கிப் பாணோடு கொடுத்தால் முடிந்தது. தேங்காய்ச் சம்பலை ஐஸ் பெட்டியில் 4 பாகைக்குக் கீழே வைக்காவிட்டால் அதே நாளில் புளித்துவிடும். சமைத்த சோறும் கறியும் வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

இரண்டாம் நாள் மழை விடாமல் பெய்தால் ஒடியற்கூழுக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. 20 பேருக்கு அளவு: ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா) 700 முதல் 800 கிராம், ஒரு கை சிவப்பரிசி, மரவள்ளி ஒரு கிலோ, பயற்றங்காய் அரைக் கிலோ, பலாக்கொட்டை 50, ஒரு கட்டுக் கீரை, மீன் தலையும் துண்டுமாக ஒன்றரைக் கிலோ, இறால் ஒரு கிலோ, பத்து நண்டு, செத்தல் மிளகாய் 30, பழப்புளி 100 கிராம். மரவள்ளியும் பலாக்கொட்டையும் தமிழ்க் கடைகளில் உறைந்த பொதியாகக் கிடைக்கும். நண்டை வீட்டிலேயே சுத்தம் செய்து உடைத்து எடுத்துப் போங்கள்.

மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து ஒரு மணித்தியாலம் விட்டால் மா அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், கைப்பு அதோடு போய்விடும். 12 லீற்றர்ப் பானையில் 6 லீற்றர் தண்ணீர் கொதிக்க, அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி முதலில். அவை முக்கால் பதம் வெந்ததும் பயற்றங்காய். இந்த இடத்தில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் கடலுணவு ஒவ்வாத பிள்ளைகளுக்கும் வேறு பானையில் வேறு அகப்பையால் பிரித்து எடுத்துவிடுங்கள். பிறகு நண்டு, மீன், கடைசியாக இறால். ஊறவைத்து அரைத்த மிளகாயைப் புளிக்கரைசலோடும் ஒடியல் மாவோடும் கலந்து, தீயைக் குறைத்து, ஒருவர் ஊற்ற இன்னொருவர் அடியைத் தொட்டுத் துழாவ வேண்டும். கை நின்றால் அடிப்பிடிக்கும், அடிப்பிடித்த கூழை மீட்க முடியாது. உறைப்புத் தாங்காத சின்னவர்களுக்கு மிளகாயில் பாதியைப் பிறகு சேர்க்கலாம். பத்து நிமிடத்தில் இறுகி, அகப்பையிலிருந்து நூலாக விழாமல் திரண்டு விழும்போது கீரையைப் போட்டு இறக்குங்கள். ஊரில் என்றால் பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிப்போம். இங்கே கையைச் சுடாத தடித்த காகிதக் கோப்பை.

நிறைந்த பானை 10 கிலோவுக்கு மேல் வரும், இரட்டை அடுப்பின் மெல்லிய கம்பி அதைத் தாங்காமல் சரியும். நிலத்தோடு இருக்கும் அகன்ற கால் ஒற்றை அடுப்பில் வையுங்கள். சுற்றிவர இரண்டு மீற்றருக்குள் பிள்ளைகள் வரக் கூடாது.

நண்டுக் கோது, மீன் மணத்துக்குக் கரடி வராதா?

சரியாகச் செய்தால் பயமில்லை. கோதும் முள்ளும் சாப்பிட்டு முடிந்த உடனே இரட்டைப் பையில் கட்டிப் பூங்காவின் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டும், இருட்டும் வரை வைக்க வேண்டாம். பானை கழுவிய தண்ணீரைப் பற்றைக்குள் ஊற்றாதீர்கள், கழிவுநீருக்கென்று உள்ள இடத்தில் ஊற்றுங்கள். ஐஸ் பெட்டி, பிஸ்கற், பற்பசை எல்லாம் இரவில் காருக்குள், கண்ணாடி ஏற்றி. கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்கூட இருக்கக் கூடாது. கரடி வராத இடத்திலும் ரக்கூன் வரும், பூட்டாத ஐஸ் பெட்டியை அது திறக்கும்.

விறகு நனைந்துவிட்டது. மூட்டலாமா?

பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். நனைந்த பட்டையைச் செதுக்கி எறிந்துவிட்டு, நடுப்பகுதியைப் பென்சில் தடிப்பில் இரண்டு கை நிறையச் சீவி முதலில் பற்றவையுங்கள். பெரிய கட்டைகளைத் தீயைச் சுற்றி அடுக்கினால் அவை காயும். விறகைப் பூங்காவிலோ அதற்குக் கிட்டவோதான் வாங்க வேண்டும். 2002 இல் வின்சர் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட சாம்பல்மர வண்டு போன்ற பூச்சிகள் விறகோடு பயணம் செய்துதான் புதிய இடங்களுக்குப் போகின்றன.

உண்ணி?

புல்லிலும் பற்றையிலும் உண்டு. கரும்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, மாலையில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கக்கம், காதுக்குப் பின், தலைமயிர் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் முனை கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள். எண்ணெய் பூசுவதும் சுடுவதும் பிழை. 24 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் சாத்தியம் குறைவு.

நாள் முழுக்க மழை. பிள்ளைகளை என்ன செய்வது?

304 என்ற சீட்டாட்டத்தைச் சொல்லிக் கொடுங்கள். சீட்டுக்கட்டு ஈரத்தில் ஊறாத பிளாஸ்டிக் கட்டாக இருக்கட்டும். ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கு 304. எட்டு வயதுப் பிள்ளை இரண்டு ஆட்டத்தில் புள்ளி எண்ணப் பழகிவிடும். துரும்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அப்பப்பாவும் பேத்தியும் ஒரு பக்கமாக எதிரும் புதிருமாக இருந்து ஆடினால் மழை விட்டதுகூடத் தெரியாது. சின்னவர்களுக்குக் கொக்கான். ஐந்து கூழாங்கல் அங்கேயே பொறுக்கலாம்.

இன்னொன்று: ஒரு பெரிய தாளும் பேனைகளும் கொண்டுபோய், வம்ச மரத்தைப் பேரப்பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். அவர்கள் கேட்க, மூத்தவர்கள் சொல்ல வேண்டும். ஆங்கிலம் கலந்து கேட்டால் திருத்தாதீர்கள், கேட்பதை நிறுத்திவிடுவார்கள். “உங்கட வீட்டில கிணறு எந்தப் பக்கம் இருந்தது?”, “மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு என்னெண்டு போனீங்கள்?” போன்ற சின்னக் கேள்விகளை முன்பே எழுதிக் கொடுத்தால் பேச்சு தானாக வரும். ஒரு தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். மழைச் சத்தம் தறப்பாளில் பலமாகக் கேட்கும், ஆகவே தொலைபேசி பேசுகிறவரின் மடியில் இருக்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை பூங்காவில் அமைதி நேரம், பாட்டை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

நனைந்த சாமானோடு வீட்டுக்கு வந்தோம். அடுத்து?

பிற்பகல் 2 மணிக்குள் இடத்தை விட வேண்டும் என்பதால் பெரும்பாலும் ஈரத்தோடுதான் மடிப்பீர்கள். பரவாயில்லை, ஆனால் கூடாரத்தை அதன் பைக்குள் திணிக்காமல் பெரிய குப்பைப் பையில் தளர்வாகப் போடுங்கள். அன்றிரவே, அல்லது மறுநாளைக்குள், கராஜில் கொடி கட்டி விரிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும். அந்த மணம் போகாது, உட்பூச்சும் உரியத் தொடங்கும். தூங்கும் பைகளைக் காசுபோடும் சலவைக் கடையின் பெரிய ட்ரையரில் குறைந்த சூட்டில் போடுங்கள், வீட்டு ட்ரையரில் நடு காயாது. முளைகளைத் துடைத்து எண்ணி வையுங்கள். எத்தனை குறைகிறது, எந்தத் தையல் கசிந்தது, எந்தப் பேரன் பூட்ஸ் இல்லாமல் வந்தான் என்று ஒரு துண்டில் எழுதிக் கூடாரப் பைக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.